இரண்டாம் ஆண்டின் எடை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. 2016 ஜனவரியிலிருந்து 2019 மார்ச் வரை, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு எடைக்கருவியில் ஏறி நின்று குறித்துவைத்த எண்கள் அதில் இருக்கின்றன. முதல் எண் 91.4. அதே ஆண்டு ஆகஸ்டில் 77.2. கடைசிப் பக்கத்தில் 87.6. முதல் இரண்டு எண்களைக் கேட்டவர், கேட்காதவர் அனைவரிடமும் சொல்லித் திரிந்தேன். மூன்றாவதை இன்றுதான் எழுதுகிறேன். பேலியோ, கீட்டோ என்று எந்தப் பெயரில் வந்தாலும், மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைப் பற்றி நாம் கேட்கும் வெற்றிக் கதைகளில் பெரும்பாலானவை ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை, கதை சொன்னவரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

நான் கடைப்பிடித்தது தமிழ்நாட்டில் அந்த ஆண்டுகளில் பரவலாகப் பேசப்பட்ட பேலியோ முறை. காலையில் ஊறவைத்த நூறு பாதாம், மதியம் நான்கு முட்டையோ கால் கிலோ கறியோ, மாலையில் வெண்ணெய் போட்ட தேநீர், இரவில் பனீரும் காயும். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பருப்பு, பழம், சர்க்கரை ஆகிய அனைத்துக்கும் தடை. காலிஃபிளவரைத் துருவி வேகவைத்து அதற்குச் சோறு என்று பெயரும் வைத்தோம். அதைச் சோறு என்று ஒப்புக்கொள்ள என் நாக்குக்கு ஒரு மாதம் ஆயிற்று. என் அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

முதல் மூன்று வாரத்தில் 3.6 கிலோ குறைந்தது. அந்த வேகம்தான் என்னை மதம் மாறியவனைப் போல ஆக்கியது. அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தண்ணீர் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து வரத்து நின்றவுடன் உடல் முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான் என்பதால், அது கரையக் கரையத் தண்ணீரும் சிறுநீராக வெளியேறி, எடைக்கருவி ஒன்றரை, இரண்டு கிலோவைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. கல்யாண வீட்டில் ஒரே ஒரு வேளை பந்தியில் உட்கார்ந்து எழுந்த மறுநாள் ஒரு கிலோ ஏறிவிட்டது என்று பேலியோக்காரர்கள் பதறுவதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். வந்தது பெரும்பாலும் தண்ணீர், போனதும் பெரும்பாலும் தண்ணீர்.

ஆயினும் மீதி 10 கிலோவைத் தண்ணீர் என்று ஒதுக்கிவிட முடியாது. பசி குறைந்தது என்பது என் அனுபவத்தில் முழு உண்மை. புரதம் அதிகமுள்ள உணவு நீண்ட நேரம் வயிற்றை நிறைவாக வைத்திருக்கிறது. மாவுச்சத்து கிடைக்காதபோது உடல் கொழுப்பிலிருந்து உருவாக்கும் கீட்டோன்கள் இரத்தத்தில் இருக்கும் நிலையில், எடை குறையும்போது வழக்கமாக உயரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அவ்வளவாக உயர்வதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைவிட எளிமையான காரணம் ஒன்றும் உண்டு. முறுக்கு, மிக்சர், பிஸ்கட், பரோட்டா, டீக்கடை வடை, இரவு பதினொரு மணிக்குத் தட்டில் மிச்சமிருக்கும் இரண்டு தோசை ஆகியவற்றை ஒரே விதியால் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டால் எவருக்கும் கலோரி குறையத்தான் செய்யும். எண்ணிப் பார்க்காமலே குறைவதால், கலோரிக்கு இங்கே வேலையே இல்லை, எல்லாம் இன்சுலின் செய்யும் மாயம் என்று நம்புவது சுலபமாகிவிடுகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாவுச்சத்தை விட்டால் போதும், எடை குறையும் என்ற நம்பிக்கைக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. லண்டனில் சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்குகளை நடத்திவந்த வில்லியம் பாண்டிங் என்பவர், தம் மருத்துவர் வில்லியம் ஹார்வியின் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டு உடல் இளைத்ததை 1863இல் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே உணவுக்கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாக ஆகிவிட்டது. 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் அதே கருத்தை மறுபடி பெரும் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆனால் இதை முறையாகச் சோதித்துப் பார்க்கும் வேலை 2000க்குப் பிறகுதான் சூடுபிடித்தது. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 63 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அட்கின்ஸ் முறையும் இன்னொன்றுக்கு வழக்கமான குறைகொழுப்பு, குறைகலோரி உணவும் தந்தார்கள். ஆறாம் மாதத்தில் அட்கின்ஸ் பிரிவினர் உடல் எடையில் 7 சதவீதம் இழந்திருந்தார்கள், மற்றவர்கள் 3.2 சதவீதம். பன்னிரண்டாம் மாதத்தில் அது 4.4க்கு 2.5 என்று சுருங்கி, புள்ளியியல் கணக்குப்படி வேறுபாடு என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. இடையில் ஐந்தில் இருவர் ஆய்வைவிட்டே போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் ஆய்வு இன்னொன்று. இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனத்தில் டிமோனா என்ற ஊரருகே இருக்கும் அணு ஆராய்ச்சி மையத்தின் பணியாளர்களை வைத்து 2005 முதல் 2007 வரை நடந்தது அது. 322 பேர், பெரும்பாலும் ஆண்கள், சராசரி வயது 52. என்னைப் போன்ற தொப்பைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களைக் குறைகொழுப்பு, மத்தியதரைக்கடல் முறை (காய்கறி, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு), குறைமாவு என மூன்றாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு பிரிவுக்கும் கலோரி வரம்பு உண்டு. குறைமாவுப் பிரிவுக்கு அது கிடையாது, முதல் இரண்டு மாதம் நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்து, பிறகு படிப்படியாக அதிகபட்சம் 120 கிராம் என்பது மட்டுமே விதி. அங்கே மதிய உணவே நாளின் பெரிய வேளை என்பதாலும், அது பணியிட உணவகத்திலேயே கிடைப்பதாலும், ஓர் உணவியலாளர் சமையற்கூடத்தோடு சேர்ந்து வேலை செய்து, எந்தப் பதார்த்தம் எந்தப் பிரிவுக்கு என்று வண்ணச் சீட்டு ஒட்டிவைத்தார். வீட்டிலும் ஆதரவு கிடைக்கவேண்டும் என்று வாழ்க்கைத் துணைகளில் ஒரு குழுவினருக்குத் தனியே பயிற்சியும் தந்தார்கள். ஒரே இடத்தில் வேலை, ஒரே சமையற்கூடம், கேட்டால் சொல்ல ஓர் ஆள், வீட்டில் பேசிவைத்த துணை. இதைவிட வாகான சூழ்நிலை உணவுக்கட்டுப்பாட்டுக்காரனுக்கு அமைவது அரிது. இரண்டாண்டு முடிவில் 84.6 சதவீதம் பேர் ஆய்விலேயே நீடித்திருந்தார்கள் என்பது இத்துறையில் பெரிய எண்.

முடிவு என்ன? இரண்டாண்டுக்குப் பின் குறைகொழுப்புப் பிரிவு 2.9 கிலோ, மத்தியதரைக்கடல் பிரிவு 4.4 கிலோ, குறைமாவுப் பிரிவு 4.7 கிலோ இழந்திருந்தன. குறைமாவு வென்றது என்று தலைப்புப் போடலாம், பலர் போட்டார்கள். அட்கின்ஸ் பெயரிலான அறக்கட்டளையும் இந்த ஆய்வுக்கு நிதியுதவி அளித்தது என்பதைச் சொல்லிக் குறை கூறியவர்களும் உண்டு. என் கவனம் சென்றது வரைபடத்தின் மீது. குறைமாவுக் கோடு முதல் ஐந்தாறு மாதத்தில் செங்குத்தாக இறங்குகிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல மேலேறத் தொடங்கி, இரண்டாண்டு முடிவில் மத்தியதரைக்கடல் கோட்டோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கிறது. என் நாற்பது பக்க நோட்டின் எண்களைப் புள்ளியிட்டு இணைத்தால் வரும் உருவமும் அதுதான், அளவு மட்டும் பெரிது. ஆய்வு முடிந்து நான்காண்டு கழித்து, அதாவது தொடங்கிய ஆறாம் ஆண்டில், அதே ஆட்களில் 259 பேரை மறுபடி எடைபோட்டார்கள். அப்போது தொடக்க எடையிலிருந்து குறைந்தே நின்றது மத்தியதரைக்கடல் பிரிவில் 3.1 கிலோ, குறைமாவுப் பிரிவில் 1.7 கிலோ, குறைகொழுப்பில் 0.6 கிலோ.

ஆறு ஆண்டுக்கு 1.7 கிலோ! எங்கள் வீட்டு அரிசி டப்பாவின் மூடியைத் திறந்தால் ஒரே கையில் அள்ளி வைத்துவிடலாம் போன்ற எடை. ஆனாலும் இதை வெறும் தோல்வி என்றும் எழுதிவிட மனமில்லை. நாற்பது, ஐம்பது வயதில் எதுவும் செய்யாமல் இருந்தால் எடை நின்ற இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். மேலும், இரண்டாண்டு முடிவில் குறைமாவுப் பிரிவினருக்கு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 23.7 மில்லிகிராம் அளவு குறைந்திருந்தது; குறைகொழுப்புப் பிரிவில் அது வெறும் 2.7. ட்ரைகிளிசரைடு உயர்ந்தும் நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் தாழ்ந்தும் இருப்பது நம் ஊர் இரத்தப் பரிசோதனைத் தாள்களில் அடிக்கடி காணும் காட்சி என்பதால், இந்த எண்ணை நான் எடைக்கு நிகராகவே மதிக்கிறேன்.

டிமோனா ஆய்வில் இன்னொரு தகவல் ஒளிந்திருக்கிறது. இரண்டாண்டு முடிவில் குறைமாவுப் பிரிவினர் உண்மையில் எவ்வளவு மாவுச்சத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால், மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 40 சதவீதம். மற்ற இரு பிரிவினர் 50 சதவீதம் அளவில் இருந்தார்கள். 20 கிராமில் தொடங்கியவர்கள், யாரும் அதட்டாமல் தாமாகவே, மனிதர்கள் வாழக்கூடிய ஓர் அளவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே நடந்தது: குறைமாவுப் பிரிவு 6 கிலோ, குறைகொழுப்புப் பிரிவு 5.3 கிலோ இழந்தன. குறைமாவுப் பிரிவினர் ஆண்டு முடிவில் நாளுக்கு 130 கிராம் அளவில் மாவுச்சத்து உண்டுகொண்டிருந்தார்கள். இன்சுலின் அதிகம் சுரப்பவருக்குக் குறைமாவு, குறைவாகச் சுரப்பவருக்குக் குறைகொழுப்பு என்று ஆளுக்கேற்றபடி பிரித்துக்கொடுக்கலாம் என்ற கருத்தையும் அவர்கள் சோதித்தார்கள், அது தேறவில்லை. ஆனால் இரு பிரிவிலும் தனி மனிதர்களின் வேறுபாடு மலைக்கவைத்தது, ஒரு கோடியில் 30 கிலோ வரை இழந்தவர், மறுகோடியில் 10 கிலோ ஏறியவர். 30 கிலோ இழந்தவரின் படம்தான் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இத்தகைய 61 ஆய்வுகளைச் சேர்த்து, கிட்டத்தட்ட 7,000 பேரின் தரவுகளை அலசியது. ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையான காலத்தில், குறைமாவுக்கும் சமச்சீர் உணவுக்கும் இடையே எடை இழப்பில் ஒரு கிலோ அளவுக்குத்தான் வேறுபாடு என்பது அதன் முடிவு.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் எடை திரும்புகிறது? மனவலிமை போதவில்லை என்று என்னையே நான் இரண்டாண்டு திட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹால் குழுவினர் போட்ட ஒரு கணக்கைப் படித்தபின் திட்டுவது குறைந்தது. ஒவ்வொரு கிலோ எடை குறையும்போதும் உடல் செலவிடும் ஆற்றல் நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது; ஆனால் பசியோ கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி அளவில் கூடுகிறது. என் 14 கிலோவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், நாள்தோறும் 1,400 கலோரிக்குரிய பசி தலைமாட்டில் உட்கார்ந்து எழுப்புகிறது என்று பொருள். கீட்டோன் நிலையில் இருந்தவரை அந்தக் குரல் அமுங்கியிருந்தது. 2016 தீபாவளிக்கு ஒரு அதிரசம், பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் என்று நான் அந்த நிலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து முழுக்குரலில் கேட்கத் தொடங்கியது. இந்த உணவுமுறையின் கடுமைதான் அதன் பலம்; ஆனால் பாதிக் கடுமையோடு அதைக் கடைப்பிடிக்க வழியில்லை. வெண்ணெயும் பாதாமும் அப்படியே இருக்க, மேலே சோறும் வந்து சேர்ந்தால் நடப்பதை என் நோட்டின் 2017ஆம் ஆண்டுப் பக்கங்கள் காட்டுகின்றன: பத்து மாதத்தில் 7 கிலோ.

உடலைச் சொன்னேன், வீட்டையும் சொல்லவேண்டும். இரண்டு வேளையும் இரண்டு சமையல். மனைவி ஏழு மாதம் வாய்திறக்காமல் செய்தார், எட்டாம் மாதம், "உங்களுக்குத் தனியா, பிள்ளைங்களுக்குத் தனியான்னு இன்னும் எத்தன வருஷத்துக்கு?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, ஏனெனில் எத்தனை வருஷம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மளிகைச் செலவு இரு மடங்கானது, பாதாம் விற்ற விலையில். மதுரையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இலையில் உட்கார்ந்து சோற்றை மறுப்பவன், விருந்து வைத்தவரையே மறுப்பவனாகப் பார்க்கப்படுகிறான். ஊருக்குப் போனால் அம்மா, "ஏய்யா, ஒரு வாய் சோறு உள்ள போகாம எப்படிய்யா தூக்கம் வரும்?" என்று இரவு பத்து மணிக்கும் தட்டோடு வந்து நிற்பார். டிமோனாவில் வாழ்க்கைத் துணைகளுக்குப் பயிற்சி தந்த உணவியலாளர்கள் அம்மாக்களுக்கும் ஏற்பாடு செய்தார்களா என்று அந்த ஆய்வறிக்கை சொல்லவில்லை.

நீண்ட காலம் இதைக் கடைப்பிடித்துப் பலன் கண்டவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அமெரிக்காவில் விர்டா என்ற நிறுவனம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 262 பேருக்குக் கீட்டோ முறையைத் தந்து, இணையவழியே அன்றாடம் ஆலோசகரும் மருத்துவரும் கண்காணிக்க ஏற்பாடு செய்தது. இரண்டாண்டு முடிவில் நான்கில் மூன்று பங்கினர் நீடித்தார்கள், சராசரியாக 10 சதவீத எடை குறைந்தே இருந்தது, பலருக்கு மாத்திரைகளும் இன்சுலினும் குறைந்தன. விரும்பி வந்தவர்களை வைத்து நடத்தியது, சீட்டுக்குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஆய்வு அன்று என்ற குறை அதற்கு உண்டு. எனக்குப் படுவது, அங்கே வேலை செய்தது கீட்டோ பாதி, அன்றாடம் விசாரித்த ஆள் பாதி. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றை நிறுத்திவிடக் கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ அதே அளவில் தொடரும்போது மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிபிளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரும் அபாயமும் இருக்கிறது. மருந்தளவை மாற்றவேண்டியது மருத்துவர், அதுவும் முதல் நாளுக்கு முன்பே.

இன்று நான் பேலியோக்காரன் இல்லை, பழையபடி சாப்பிடுகிறவனும் இல்லை. வேகவைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. முன்பெல்லாம் மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நான் வாங்கிய சோற்றை ஒருநாள் தராசில் வைத்தபோது 430 கிராம் இருந்தது. அதாவது டிமோனாக்காரர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் விதித்த உச்சவரம்பான 120 கிராமை நான் ஒரே வேளையில், அப்பளம் வருவதற்கு முன்பே, முடித்துவிட்டேன். இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு சொல்கிறது. அதிலிருந்து 20 கிராமுக்குப் பாய்வது ஒரு கோடி. அதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவருவது நடக்கக்கூடிய காரியம். இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் விவாதம் சூடாகிறதே தவிர முடிவதில்லை.

எனவே மதியம் ஒரே கரண்டி, 150 கிராம் சோறு, அதன்மேல் இரண்டு கரண்டி கூட்டு அல்லது பொரியல். முட்டையோ மீனோ சுண்டலோ ஏதாவது ஒன்று கட்டாயம். காலையில் மூன்று இட்லி, சாம்பார் நிறைய. இரவு தோசை இரண்டோடு நிறுத்தம். வெண்ணெய்த் தேநீர் போயிற்று, சர்க்கரையும் திரும்பி வரவில்லை. வீட்டில் ஒரே சமையல். 2019 மார்ச்சில் 87.6 என்று நின்ற எடை, இப்படி இறங்க இறங்க 82க்கு வர இரண்டரை ஆண்டு ஆயிற்று. அதன்பின் 81க்கும் 83க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. 77.2ஐ நான் மறுபடி பார்க்கப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த எடையில் எடுத்த புகைப்படத்தை மனைவி இன்னும் வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்கிறார், வருகிறவர்கள் அது யார் என்று கேட்கிறார்கள்.